"ஓடாத படம்" என்று யார் சொன்னது?

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் கடைசிப் பீரியடிலும் என்னைச் சகித்துக்கொண்டவர்கள் இதையும் சகித்துக்கொள்வீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் பழைய மாணவர் குழுவிலும் குடும்பக் குழுவிலும் ஐந்து தமிழ்ப் படங்களின் பெயரைப் போட்டு, லீவு நாளில் பாருங்கள் என்று சொல்லியிருந்தேன். வீடு, மேற்குத் தொடர்ச்சி மலை, கூழாங்கல், சிவரஞ்சனியும் இன்னும் சில பெண்களும், கொட்டுக்காளி. பதில்கள் நிறைய வந்தன. சுருக்கினால் மூன்றுதான்.

"டீச்சர், அவார்டு படமா? தூக்கம் வருமே. ரொம்பப் பைய போகும்."

"வீட்டுல இருக்க கஷ்டம் போதாதா பெரியம்மை? அடுத்தவன் கஷ்டத்தையும் காசு குடுத்துப் பாக்கணுமா?"

"இதெல்லாம் ஓடாத படம் டீச்சர். ஜனங்களுக்குப் பிடிச்சிருந்தா ஓடியிருக்கும்லா?"

மூன்றாவது பதிலுக்குத்தான் கட்டைவிரல் அதிகம் விழுந்தது. எனக்குக் கோபம் வந்ததும் அதற்குத்தான். ஒவ்வொன்றாக வருகிறேன்.

முதலில் "பைய போகுது" என்பது. இதை நாஞ்சில் நாட்டுக்காரர்கள் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. நம் ஊர்க் கோயில் கொடையில் விடிய விடிய வில்லுப்பாட்டு கேட்ட ஜனம் நாம். முத்துப்பட்டன் கதை பாடுகிறார்கள் என்றால், பிராமணப் பையன் சக்கிலியப் பெண்கள் இரண்டு பேரைக் கண்டு, பெண் கேட்டு, பூணூலை அறுத்து, செருப்புத் தைத்து, கடைசியில் வெட்டுப்பட்டுச் சாகிற வரைக்கும் நம் பாட்டிமார் பாயில் உட்கார்ந்து கேட்டார்கள். கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். முடிவும் தெரிந்ததுதான். ஆனாலும் யாரும் "பைய போகுது, அடுத்த பாட்டுக்குப் போ" என்று புலவரிடம் சொன்னதில்லை. ஒரே வரியை நாலு விதமாகப் பாடினால் நாலு தடவையும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்தப் பொறுமை நம் சொத்து. கைப்பேசி வந்து பதினைந்து வருடத்துக்குள் அதைத் தொலைத்துவிட்டு, தொலைத்தது நாம்தான் என்றுகூடத் தெரியாமல் படத்தின் மேல் பழி போடுகிறோம்.

கூழாங்கல் எழுபத்தைந்து நிமிடப் படம். ஒரு குடிகார அப்பன், கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போன மனைவியைக் கூட்டிவர மகனையும் இழுத்துக்கொண்டு போகிறான். திரும்பி வரும்போது பஸ்ஸுக்குக் காசில்லை. வெயிலில் நடக்கிறார்கள். இவ்வளவுதான் கதை. இயக்குநர் பி.எஸ். வினோத்ராஜின் அக்காவைக் கணவன் வீட்டை விட்டுத் துரத்தியபோது, கைக்குழந்தையோடு 13 கிலோமீட்டர் நடந்தே பிறந்த வீட்டுக்கு வந்தார். படத்துக்கு விதை அந்த நடைதான். சரி, 13 கிலோமீட்டர் நடையை எப்படிக் காட்டுவது? ஒரு பாட்டுப் போட்டு, இரண்டு கால், ஒரு செருப்பு, ஒரு சூரியன் காட்டி முப்பது நொடியில் முடித்துவிடலாம். அப்படிச் செய்தால் அந்த அக்காவின் கால் சூடு நமக்குத் தெரியுமா? படம் நம்மையும் கொஞ்சம் நடக்க வைக்கிறது. நமக்குக் கால் வலிக்கிறது. அதை "போர்" என்கிறோம்.

2021 பிப்ரவரியில் நெதர்லாந்தின் ராட்டர்டாம் விழாவில் இந்தப் படத்துக்கு அவர்களின் முதல் பரிசான புலி விருது கிடைத்தது. மதுரைப் பக்கத்து வெயிலை அங்கே உட்கார்ந்திருக்கிறவன் பொறுமையாகப் பார்க்கிறான். சில மணி நேரத் தொலைவில் இருக்கிற நமக்குத் தூக்கம் வருகிறது. வெட்கமாக இல்லையா, மக்களே?

இரண்டாவது பதில், கஷ்டம். இதைச் சொன்னது என் தங்கை மகள். அவளுக்குத்தான் இந்தப் பத்தி. நீ தினமும் சாயங்காலம் ஏழு மணியிலிருந்து ஒன்பதரை வரை பார்க்கிறாயே, அந்தச் சீரியல்களில் கஷ்டம் இல்லையா? மாமியார் விஷம் வைக்கிறாள், மருமகள் மாடியிலிருந்து விழுகிறாள், அழுகை, ஒப்பாரி. அது உனக்குச் சிரமமாக இல்லை. ஏனென்றால் அது யாருடைய கஷ்டமும் கிடையாது. உலகத்தில் எந்த வீட்டிலும் இல்லாத கஷ்டம். கழுவி வைத்த பாத்திரம் மாதிரி, கையில் ஒன்றும் ஒட்டாது. நிஜமான கஷ்டம் கையில் ஒட்டும். அதனால்தான் பயம்.

மேற்குத் தொடர்ச்சி மலையை எடுத்துக்கொள்ளுங்கள். லெனின் பாரதி எடுத்து 2018-இல் வந்த படம். தேனிப் பக்கத்து மலையில் ஏலக்காய் மூட்டை சுமக்கிற ரங்கசாமிக்கு ஒரே ஆசை, கையளவு நிலம். பாடுபட்டு வாங்குகிறான். கடன் வந்து, விதை வந்து, உரம் வந்து, அந்த நிலம் போகிறது. கடைசியில் அதே நிலத்தில் எழும்பி நிற்கும் காற்றாலைக்குக் காவலாளியாக உட்கார்ந்திருக்கிறான். ஆரல்வாய்மொழியைத் தாண்டி முப்பந்தல் வழியாகத் திருநெல்வேலிக்கு எத்தனை தடவை போயிருப்போம். சுற்றுகிற காற்றாடியைப் பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டியிருப்போம். அது நிற்கிற நிலம் முன்னே யாருடையது, அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று ஒரு நாளாவது கேட்டோமா? அந்தக் கேள்வியை எனக்குள் போட்டது அந்தப் படம். முப்பந்தலைத் தாண்டும்போதெல்லாம் இப்போது எனக்கு ரங்கசாமி ஞாபகம் வருகிறான். எந்தச் சூப்பர் ஹிட் படமும் எனக்கு இதைச் செய்ததில்லை.

பாலு மகேந்திராவின் வீடு 1988-இல் வந்தது. வேலைக்குப் போகிற ஒரு பெண், தாத்தாவையும் தங்கையையும் வைத்துக்கொண்டு ஒரு சின்ன வீடு கட்டப் படும் பாடு. வீடு கட்டிய எல்லோரும் கையைத் தூக்குங்கள். பிளான் அப்ரூவலுக்கு அலைந்தவர்கள், சிமெண்ட் மூட்டை குறைந்து போனவர்கள், மேஸ்திரியோடு சண்டை போட்டவர்கள். நம் குடும்பத்தில் இந்தக் கதை இல்லாத வீடு எது? அர்ச்சனாவுக்கு அந்த வேடத்துக்குத்தான் தேசிய விருது கிடைத்தது. அதைப் போய் "அவார்டு படம்" என்று தள்ளி வைக்கிறீர்கள். உங்கள் கதையையே உங்களுக்கு வேண்டாம் என்கிறீர்கள்.

இனி கொட்டுக்காளி. இதைப் பற்றி எழுதத்தான் எனக்கு யோசனையாக இருந்தது. சொந்தக்காரர்கள் எல்லோரும் படிக்கிற இடம். பரவாயில்லை, எழுதுகிறேன். மீனா என்ற பெண் வேறு சாதிப் பையனை விரும்புகிறாள். அவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று குடும்பமே ஆட்டோவிலும் பைக்கிலும் ஏற்றிச் சாமியாடியிடம் கொண்டு போகிறது. படம் முழுக்க அந்தப் பயணம்தான். பின்னணி இசை கிடையாது. மீனா ஏறக்குறையப் பேசவே மாட்டாள். வழியில் எங்கோ ஒலிபெருக்கியில் கேட்கிற ஒரு பாட்டுக்கு வாய் அசைக்கிறாள். அதற்கு விழுகிறது பாருங்கள் அடி! தடுக்க வந்த பெண்களுக்கும் சேர்த்து. முடிவில் அந்தச் சாமியாடி இன்னொரு பெண்ணுக்கு "வைத்தியம்" பார்ப்பதை, மீனாவுக்கு முறைப்பையனான பாண்டி பார்த்துவிடுகிறான். அவன் என்ன செய்யப் போகிறான் என்று படம் சொல்லாது. அங்கேயே முடிந்துவிடும்.

"முடிவு எங்க டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான். முடிவை எழுத வேண்டியது நீதான், மகனே. பரீட்சைக்குக் கோனார் நோட்ஸ் இருந்தது, வாழ்க்கைக்குக் கிடையாது. பாண்டியின் இடத்தில் நீ இருந்தால் ஆட்டோவைத் திருப்புவாயா, உள்ளே கூட்டிப் போவாயா? கேள்வி அதுதான். அதற்குப் பதில் சொல்லத் தயாராக இல்லாதவனுக்குத்தான் படம் பாதியில் நின்றது போலத் தெரியும்.

என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். வரைபடத்தில் ஆறுகளை அவள் குறிக்கிற அழகுக்கே மார்க் போடலாம். பத்தாம் வகுப்பு அரைப்பரீட்சைக்குப் பிறகு ஆள் வரவில்லை. விசாரித்தால், "உடம்பு சரியில்ல, பூசை பண்ணியிருக்கு" என்றார்கள். என்ன உடம்பு, என்ன பூசை என்று ஊருக்கே தெரியும். அடுத்த ஆவணியில் கல்யாணம். இதைப் படிக்கிற சிலருக்கு அவள் யாரென்று தெரியும். பெயர் சொல்ல மாட்டேன். கொட்டுக்காளியைப் பார்த்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. உங்களுக்குத் தூக்கம் வந்தது என்றால், கொடுத்துவைத்தவர்கள்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். விருது வாங்கிய படமெல்லாம் நல்ல படம் கிடையாது. வறுமையை அழகாகப் படம் பிடித்து வெளிநாட்டு விழாவுக்கு அனுப்புகிற படங்களும் இருக்கின்றன. அசையாமல் ஒரு சுவரை ஐந்து நிமிடம் காட்டினால் கலை ஆகிவிடும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். அவற்றைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். ஆனால் பார்த்துவிட்டுத் திட்டுங்கள். தேங்காயை உடைக்காமலே அழுகல் என்று சொல்கிறவனோடு எனக்குப் பேச்சில்லை.

இப்போது மூன்றாவது பதில், "ஓடாத படம்". இதற்கு நான் வரலாற்று டீச்சராகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

நம் அகஸ்தீஸ்வரத்துக்காரர் ஜே.சி. டேனியல். பல் மருத்துவம் படித்தவர், களரி ஆட்டத்தில் ஈடுபாடு உள்ளவர். சினிமா எடுக்க வேண்டும் என்ற வெறியில் சென்னைக்கும் பம்பாய்க்கும் போய்த் தொழிலைத் தெரிந்துகொண்டார். பம்பாயில் ஸ்டூடியோவுக்குள் விட மாட்டார்கள் என்று, "நான் ஒரு வாத்தியார், பிள்ளைகளுக்குச் சினிமா பற்றிச் சொல்லிக் கொடுக்க வேண்டும்" என்று சொல்லி உள்ளே போனாராம். குடும்பச் சொத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் ஸ்டூடியோ வைத்து விகதகுமாரன் என்ற மௌனப் படத்தை எடுத்தார். மலையாளத்தின் முதல் படம் அதுதான். புராணக் கதைகளாக எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், இலங்கைக்குக் கடத்திக் கொண்டு போகப்பட்ட ஒரு பையனின் கதையை எடுத்தார். எழுதி, இயக்கி, நடித்து, பணமும் போட்டவர் அவரே. சுயாதீன சினிமா என்று இன்று பெரிய பெயர் சொல்கிறோமே, அது இதுதான்.

படத்தின் நாயகி பி.கே. ரோசி, தலித் பெண். திரையில் நாயர் குடும்பத்துப் பெண்ணாக வந்தார். திருவனந்தபுரம் கேபிடல் தியேட்டரில் படம் போட்டபோது, ஒரு புலையப் பெண் நாயர் பெண்ணாக நடிப்பதா என்று திரையில் கல்லெறிந்தார்கள். அந்த ஆண்டு 1928 என்றும் 1930 என்றும் ஆராய்ச்சியாளர்கள் வாதாடுகிறார்கள். கல் விழுந்ததில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை. ரோசியை ஊரை விட்டே விரட்டினார்கள். அவர் நாகர்கோவில் பக்கம் வந்து, வேறு பெயரில், தான் யாரென்று சொல்லாமலே வாழ்ந்து முடித்தார் என்கிறார்கள். டேனியல் கடனில் மூழ்கினார். ஸ்டூடியோ போயிற்று. திரும்பவும் பல் பிடுங்கப் போனார். 1975-இல் அகஸ்தீஸ்வரத்தில் காலமானார். படத்தின் சுருள் ஒரு அடிகூட இன்று இல்லை.

இப்போது சொல்லுங்கள். விகதகுமாரன் "ஓடாத படம்"தானே? ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை, அதனால் ஓடவில்லை, அப்படித்தானே? கல்லை யார் எறிந்தது, ஏன் எறிந்தது என்று கேட்காமல் வசூல் கணக்கை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஒரு படம் ஓடாததற்குப் பின்னால் எப்போதும் ஒரு கதை இருக்கிறது. ஜான் ஆபிரகாம் 1977-இல் தமிழில் எடுத்த அக்ரஹாரத்தில் கழுதைக்குத் தேசிய விருது கொடுத்தார்கள். தூர்தர்ஷனில் போடுவதாக அறிவித்துவிட்டு, எதிர்ப்பு வந்ததும் நிறுத்திவிட்டார்கள். அதுவும் ஜனங்களுக்குப் பிடிக்காத படமா? ஜனங்கள் பார்த்தால்தானே பிடிக்கிறதா இல்லையா என்று தெரியும்! கொட்டுக்காளி 2024 ஆகஸ்டில் தியேட்டருக்கு வந்தபோது, சினிமாக்காரர்களே இதைத் தியேட்டருக்குக் கொண்டு வந்திருக்கக் கூடாது என்று பேசினார்கள். இன்றைக்கு யாரும் கல்லெறிவதில்லை. மத்தியானக் காட்சி ஒன்றை மட்டும் கொடுத்து, நாலாம் நாள் தூக்கிவிட்டால் வேலை முடிந்தது.

டேனியல் கதையில் நமக்கும் பங்கு உண்டு. 1956 நவம்பர் 1-இல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். கேரளத்துக்கு டேனியல் தமிழ்நாட்டில் இருக்கிற ஆள் ஆனார். தமிழ்நாட்டுக்கு அவர் மலையாளப் படம் எடுத்த ஆள். இரண்டு பக்கமும் கைவிட்டது. ஆனால் அவர்கள் பிறகாவது திருந்தினார்கள். சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் என்ற பத்திரிகையாளர் விடாமல் எழுதி எழுதி டேனியலை வெளியே கொண்டுவந்தார். 1992 முதல் கேரள அரசின் மிக உயர்ந்த சினிமா விருது டேனியல் பெயரில்தான். 2013-இல் அவர் வாழ்க்கையைச் செல்லுலாய்டு என்று படமாகவும் எடுத்தார்கள். அதே பிப்ரவரி மாதம் பத்து வருடம் கழித்து, 2023-இல், கூகுள் தன் முகப்பில் ரோசியை வரைந்து வைத்தது. நாம் என்ன செய்தோம்? முப்பத்து மூன்று வருடம் வரலாறு நடத்தினேன். என் கையில் வந்த எந்தப் பாடப்புத்தகத்திலும் டேனியல் இல்லை. இதைப் படிக்கிறவர்களில் எத்தனை பேருக்கு, அவர் நம் ஊர்க்காரர் என்பது இன்றுவரை தெரியும்?

அங்கே நல்ல படம் ஓடுவதற்கு அந்த மண்ணின் தண்ணீர் காரணம் என்று நினைக்காதீர்கள். உழைத்து உண்டாக்கியது அது. 1965-இல் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் திருவனந்தபுரத்தில் சித்ரலேகா பிலிம் சொசைட்டி தொடங்கினார்கள். படம் எடுப்பதற்கு முன்னால் படம் பார்க்க ஆட்களை உருவாக்கினார்கள். ஊர் ஊராகச் சொசைட்டிகள் வந்தன. ஏழு வருடம் கழித்துத்தான் அடூரின் முதல் படமான சுயம்வரம் வந்தது. அதே ஜான் ஆபிரகாம் எண்பதுகளில் ஒடேசா என்று ஒரு கூட்டம் அமைத்து, கிராமம் கிராமமாகப் போய்ச் சாப்ளின் படம் காட்டி, ஜனங்களிடம் துண்டு ஏந்திக் காசு பிரித்து, 1986-இல் அம்மா அறியான் எடுத்தார். கொடைக்கு வரி பிரிக்கிற மாதிரி! ஒவ்வொரு டிசம்பரிலும் திருவனந்தபுரம் சினிமா விழாவில் தம்பானூர் கைரளி தியேட்டர் வாசலில் நிற்கிற வரிசையைப் போய்ப் பாருங்கள். கல்லூரிப் பிள்ளைகள், பெயின்ட் அடிக்கிறவர்கள், ரிட்டையர் ஆன என்னைப் போன்ற கிழவிகள். ஈரான் படத்துக்கு இடம் கிடைக்காமல் தரையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். நாகர்கோவிலிலிருந்து 70 கிலோமீட்டர்தான். ஆஸ்பத்திரிக்கும் ஏர்போர்ட்டுக்கும் ஜவுளிக்கும் அந்த 70 கிலோமீட்டரைப் போகத் தெரிந்த நமக்கு, இதற்கு மட்டும் தூரம்.

நம் வீட்டுக் கதையைக்கூட அவர்கள்தான் எடுத்தார்கள். 2012-இல் வந்த ஒழிமுறி, நம் ஊரில் இருக்கிற ஜெயமோகன் எழுதி மதுபால் இயக்கியது. தென் திருவிதாங்கூரில், முதிய வயதில் ஒரு மனைவி கணவனிடம் விவாகரத்துக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போகிற கதை. மருமக்கத்தாயக் குடும்பத்தின் கோபமும் புண்ணும் எல்லாம் அதில் இருக்கிறது. தேரூர்க் கவிமணி மருமக்கள் வழியின் அநியாயத்தைக் கிண்டல் செய்து பாட்டாகவே எழுதிய மண் இது. அந்த மண்ணின் படம் மலையாளத்தில்தான் வர முடிந்தது. ஏனென்றால் அங்கே பார்க்க ஆள் இருக்கிறது. ஒக்கிப் புயலில் 2017 நவம்பர் கடைசியில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீடுகள் நம் கடற்கரை முழுக்க இருக்கின்றன. அந்த வீட்டுத் திண்ணையில் பொறுமையாக உட்காருகிற ஒரு படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. நாளைக்கு நம் பிள்ளை ஒருத்தன் எடுத்தால், நீங்கள் அதைப் பார்ப்பீர்களா, "ஓடாத படம்" என்பீர்களா?

"எல்லாம் ஓடிடியில இருக்கே டீச்சர்" என்று சொல்வீர்கள். இருக்கிறது. கூழாங்கல்லும் சிவரஞ்சனியும் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் இருப்பதும் பார்ப்பதும் ஒன்றா? கையில் ரிமோட், பக்கத்தில் போன், பத்தாவது நிமிடம் தள்ளிவிடுவீர்கள். முன்னே ஞாயிற்றுக்கிழமை மதியம் தூர்தர்ஷனில் மாநில மொழிப் படம் போடுவார்கள். தெருவில் ஒரு வீட்டில்தான் டிவி. வங்காளமும் கன்னடமும் தெரியாமலே எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். எங்கள் அம்மை எழுத்து வாசிக்கத் தெரியாதவள். படம் முடிந்ததும் அந்தப் பெண் ஏன் அப்படிச் செய்தாள் என்று சாயங்காலம் வரை சண்டை போடுவாள். சேர்ந்து பார்த்தால் எழுந்து போக முடியாது. முடிந்ததும் பேசாமல் இருக்கவும் முடியாது. இந்தப் படங்களுக்குப் பாதி உயிர் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது.

ஆகவே, கேளுங்கள். வரும் மே மாதம் உங்கள் பேட்சின் வெள்ளி விழாவுக்குப் பந்தல், லைட் மியூசிக், எங்களுக்குப் பொன்னாடை, கேடயம் என்று பணம் பிரிப்பதாகக் கேள்விப்பட்டேன். பொன்னாடை என் பீரோவில் வைக்க இடமில்லாமல் இருக்கிறது. கேடயத்தை வீட்டு வேலைக்கு வருகிற பெண் துடைத்துச் சலித்துவிட்டாள். லைட் மியூசிக்கை விட்டுவிட்டு, அந்தப் பணத்தில் ஒரு நல்ல புரொஜக்டரும் திரையும் இரண்டு ஸ்பீக்கரும் வாங்குங்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், உங்களில் யாராவது ஒருவருடைய கல்யாண மண்டபத்தில் ஆள் இல்லாத நாளில், ஒரு படம். திருட்டுப் பிரதி வேண்டாம். படம் எடுத்தவர்களிடம் எழுதிக் கேட்போம், கேட்கிற தொகையைக் கொடுப்போம். முடிந்ததும் ஒரு மணி நேரம் பேச்சு. சுக்குக் காப்பியும் ரசவடையும் என் பொறுப்பு.

முதல் மாதம் வீடு. இரண்டாவது ஒழிமுறி, அதைப் புரிந்துகொள்ள நமக்குச் சப்டைட்டில் தேவையில்லை. மூன்றாவது கொட்டுக்காளி. அதற்குச் சொந்தக்காரர்கள் எல்லோரும் கட்டாயம் வர வேண்டும், குறிப்பாக வீட்டில் வயதுக்கு வந்த பெண்பிள்ளை இருக்கிறவர்கள். படம் பிடிக்கவில்லை என்றால் அங்கேயே எழுந்து நின்று என்னிடம் சண்டை போடுங்கள். பத்துப் பேர் வந்தாலும் நடத்துவோம். சித்ரலேகாவும் முதல் நாளே ஆயிரம் பேரோடு தொடங்கியிருக்காது.

பணம் பிரிக்கிற பொறுப்பில் இருக்கிற பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்குப் பதில் சொல்லுங்கள். கட்டைவிரல் போதாது, எழுதிச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று டீச்சர்